விமானம் ஏறாத பறவை

பறவைகள் என்று பெயர் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பறந்த ஒரு அமெரிக்கப் பாட்டுக் குழுவில், விமானம் என்றாலே வயிற்றைக் கலக்கும் ஆசாமி ஒருவர் இருந்தார். ஓரமாக நின்று கைதட்டியவர் அல்ல. தொடக்க காலத்தில் குழுவின் சொந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரே அவர்தான். பெயர் ஜீன் கிளார்க். ராக் இசை வரலாறு எழுதுகிறவர்கள் இவரிடம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு 'கவனிக்கப்படாத மேதை' என்பார்கள். மேதை என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கவனிக்கப்படவில்லை என்பதுதான் இடிக்கிறது. ஆளை நன்றாகவே கவனித்தார்கள். பாட்டை வாங்கிக்கொண்டார்கள், காசும் கொடுத்தார்கள், நாலைந்து முறை நாற்காலி போட்டு உட்காரவும் சொன்னார்கள். நம் ஆள்தான் உட்கார வேண்டிய நேரத்தில் அங்கே இருக்கமாட்டார். ரயிலிலோ காரிலோ வந்துகொண்டிருப்பார்.

1944 நவம்பர் 17 அன்று மிசௌரி மாநிலத்து டிப்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள், இவர் மூன்றாவது. அத்தனை பேர் நடுவில் நம் குரல் யார் காதிலாவது விழ வேண்டுமென்றால் கத்த வேண்டும், அல்லது பாட வேண்டும். ஒன்பது வயதில் அப்பா கிதாரும் மவுத்ஆர்கனும் கற்றுக்கொடுத்ததால் பாட்டு என்று முடிவாயிற்று. குடும்பம் கன்சாஸ் சிட்டிப் பக்கம் குடியேறிய பிறகு பையன் முதலில் ஒரு ராக் குழுவில் சேர்ந்தான், பிறகு நாட்டுப்புறப் பாட்டுக்குத் தாவினான். அப்போது அமெரிக்காவில் கிங்ஸ்டன் ட்ரியோ அலை. நிலக்கரிச் சுரங்கத்தை எட்டிக்கூடப் பார்க்காத கல்லூரிப் பையன்கள், கோடுபோட்ட சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சுரங்கத் தொழிலாளியின் துயரத்தைப் பாடுவார்கள். கேட்கிறவர்களும் கோடுபோட்ட சட்டைக்காரர்கள்தான். கண்ணீர் விடுவார்கள்.

1963 ஆகஸ்டில் நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் இவரைக் கன்சாஸ் சிட்டியில் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொண்டது. அதைக் குழு என்பதைவிடப் படை என்று சொல்லலாம். மேடை கொள்ளாத ஆட்கள், ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரி சிரிப்பு. யார் வாயிலிருந்து எந்தக் குரல் வருகிறது என்று பின்வரிசைக்காரர்கள் கண்டுபிடிப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும். அந்தக் கூட்டத்தோடு கிளார்க் இரண்டு ஆல்பம் பாடினார். சுற்றுப்பயணத்தில் ஒரு நாள் ஜூக்பாக்ஸில் பீட்டில்ஸ் பாட்டு கேட்டது. காசு போட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் போட்டார். சில்லறை தீர்ந்தபோது மின்ஸ்ட்ரல்ஸ் மீதிருந்த ஈடுபாடும் தீர்ந்திருந்தது. 1964 தொடக்கத்தில் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார்.

அங்கே ட்ரூபடோர் என்று ஒரு கிளப். ஜிம் மெக்வின் என்ற ஒல்லிப் பையன் 12 தந்திக் கிதாரை வைத்துக்கொண்டு பீட்டில்ஸ் பாட்டுகளை நாட்டுப்புற பாணியில் வாசித்துக்கொண்டிருந்தான். நாட்டுப்புறப் பாட்டின் தூய்மையைக் காக்கப் பிறந்தவர்கள் அவனை முறைத்தார்கள். கிளார்க் போய்க் கைகொடுத்தார். இருவரும் உட்கார்ந்து பாட்டு எழுத ஆரம்பித்தார்கள். டேவிட் கிராஸ்பி யாரும் கூப்பிடாமலே வந்து, மேல்குரலில் சேர்ந்து பாடிவிட்டு, அப்படியே தங்கிவிட்டார். டிரம்ஸுக்கு மைக்கேல் கிளார்க். (நம் ஆளுக்கு உறவில்லை.) இவரைச் சேர்த்ததற்குக் காரணம் தலைமுடி. ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ் மாதிரி இருந்தது. டிரம்ஸ் தெரியுமா என்ற கேள்வியை யாரும் பெரிதுபடுத்தவில்லை. டிரம்ஸ் வாங்கக் காசில்லாததால் அட்டைப்பெட்டிகளை அடித்துப் பழகினார். பேஸ் கிதாருக்குக் கிறிஸ் ஹில்மன். அவர் மாண்டலின்காரர், பேஸ் கிதாரை அதற்குமுன் தொட்டதில்லை. இப்படியாக, கருவி தெரியாதவர்களிடம் கருவியைக் கொடுத்த இந்தக் குழு, கருவி தெரிந்த கிளார்க்கிடமிருந்து அதைப் பிடுங்கியது. ரிதம் கிதார் முதலில் அவரிடம்தான் இருந்தது. உனக்குத் தாளம் சரியில்லை என்று கிராஸ்பி சொல்லிச் சொல்லியே வாங்கிக்கொண்டார். கிளார்க் கையில் ஒரு டம்பூரினைக் கொடுத்து மேடை நடுவில் நிறுத்தினார்கள். ஆள் உயரமாக, சினிமா கதாநாயகன் மாதிரி இருந்தார் என்பதால் நடுவில்.

1964 நவம்பரில் கொலம்பியா நிறுவனத்தோடு ஒப்பந்தம் கிடைத்தது. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் இவர்களுக்காக ஒரு வார்த்தை சொன்னதும் உதவியது. அதே மாதம் நன்றி நாள் விருந்தில் வான்கோழியைச் சாப்பிட்டபடி குழுவுக்குப் பறவைப் பெயர் வைத்தார்கள். எழுத்துப் பிழையோடு பெயர் வைத்தால்தான் விற்கும் என்று பீட்டில்ஸ் ஏற்கெனவே நிரூபித்திருந்ததால், பேர்ட்ஸ் என்பதிலும் வேண்டுமென்றே ஒரு பிழை.

1965 ஜனவரி 20 அன்று பாப் டிலன் எழுதிய 'மிஸ்டர் டம்பூரின் மேன்' பாட்டைப் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் அட்டைப்பெட்டி ரகசியம் தெரிந்தவர். வெளியிலிருந்து கைதேர்ந்த கலைஞர்களைக் கூப்பிட்டார். குழுவிலிருந்து கருவி வாசித்தது மெக்வின் மட்டும். கிளார்க்கும் கிராஸ்பியும் பாடினார்கள். மற்ற இருவர் வேடிக்கை பார்த்தார்கள். ஜூன் மாதம் அந்தத் தட்டு அமெரிக்காவில் முதலிடம், அடுத்து பிரிட்டனிலும் முதலிடம். நாட்டுப்புறப் பாட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உலகம் தெரிந்துகொண்டது.

இனி வருவது கணக்கு. ராக் குழுக்கள் உடைவதற்குக் கலைக் கருத்து வேறுபாடு காரணம் என்று பேட்டிகளில் சொல்வார்கள். நான் படித்த வரையில் காரணம் தட்டின் பின்பக்கம். அந்தக் காலத்து சிங்கிள் தட்டில் முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. அமெரிக்கச் சட்டப்படி விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்கு 2 சென்ட், பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து. முன்பக்கப் பாட்டு பிரபலமா, பின்பக்கப் பாட்டை எவனாவது கேட்டானா என்றெல்லாம் சட்டம் கேட்காது. 'மிஸ்டர் டம்பூரின் மேன்' தட்டின் பின்பக்கம் கிளார்க்கின் பாட்டு. ஆக, டிலன் பாட்டுக்கு என்ன விகிதமோ அதே விகிதம் கிளார்க் பாட்டுக்கும். இரண்டாவது தட்டும் டிலன் பாட்டு, பின்பக்கம் மறுபடி கிளார்க். மூன்றாவது 'டர்ன்! டர்ன்! டர்ன்!' பைபிளின் பிரசங்கி நூல் வசனங்களுக்குப் பீட் சீகர் மெட்டுப் போட்டது. 1965 டிசம்பரில் அதுவும் முதலிடம். முன்பக்கம் சாலமன் ராஜா, பின்பக்கம் நம் ஜீன் கிளார்க். இது போக முதல் ஆல்பத்தில் அவர் தனியாகவும் மெக்வினோடு சேர்ந்தும் எழுதிய பாட்டுகள் ஐந்து.

டம்பூரின் தட்டுகிறவர் ஃபெராரி காரில் வந்து இறங்கினார். கிதாரைப் பிடுங்கியவர்களும் பேஸ் கற்றுக்கொண்டிருந்தவரும் அதை வாசலில் நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து குழுவில் எல்லோருக்கும் திடீரென்று பாட்டு எழுத வந்துவிட்டது. கிளார்க்கின் பாட்டுகளில் குறை தெரிய ஆரம்பித்தது. அடுத்த ஆல்பத்தில் அவருக்குக் கிடைத்த இடம் சுருங்கியது.

இதற்கிடையில் 1965 ஆகஸ்டில் பிரிட்டன் பயணம். பீட்டில்ஸுக்கு அமெரிக்காவின் பதில் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இறங்கிய விமான நிலையத்திலேயே கையில் சம்மன். லண்டனில் ஏற்கெனவே பேர்ட்ஸ் என்று ஒரு குழு இருந்தது. அவர்கள் பிழையில்லாமல் எழுதுகிறவர்கள். எங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று வழக்கு. அந்தக் குழுவின் கிதார் பையன் பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்த ரான் வுட். பயணம் மொத்தமும் சொதப்பல். ஒலிபெருக்கி சரியில்லை, உடம்பு சரியில்லை, பத்திரிகைக்காரர்கள் வறுத்தெடுத்தார்கள். விமானத்தில் ஏறினால் இப்படித்தான் நடக்கும் என்று கிளார்க் மனதுக்குள் எழுதி வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு ஊகம்.

ஊகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அந்த விமானப் பயணத்தை வைத்து அவர் ஒரு பாட்டுக்கு வித்திட்டார். மெக்வினும் கிராஸ்பியும் கைவைத்து முடித்த அந்தப் பாட்டுதான் 'எய்ட் மைல்ஸ் ஹை'. உண்மையில் பயணிகள் விமானம் ஆறேழு மைல் உயரத்தில்தான் பறக்கும். எட்டு என்றால் கேட்க நன்றாக இருக்கிறது என்று கூட்டிவிட்டார்கள். விமானத்துக்கு நடுங்குகிறவர் எழுதினால் உயரம் ஒரு மைலாவது கூடத்தான் செய்யும். 1966 ஜனவரியில் பதிவு செய்து மார்ச்சில் வெளியிட்டார்கள். மெக்வினின் கிதார் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைப் பின்பற்றி வளைந்து நெளிந்து ஓடும். சைக்கடெலிக் ராக் என்று பின்னால் அழைக்கப்பட்ட வகைக்கு இதுவே தொடக்கம் என்கிறார்கள். வானொலி உலகம் நம்பி மதித்த ஒரு வர்த்தக இதழ், உயரம் என்றால் போதைதான் என்று தீர்ப்பு எழுதியது. நிலையங்கள் பாட்டை நிறுத்தின. தட்டு 14-ஆம் இடத்தோடு நின்றது. நாங்கள் பாடியது விமானத்தைப் பற்றி என்று குழு சத்தியம் செய்தது. ஒருவரும் நம்பவில்லை. இத்தனைக்கும் அந்த ஒரு விஷயத்தில் கிளார்க்குக்குப் பொய் சொல்லவே தெரியாது.

பாட்டு வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பே அவர் குழுவை விட்டு இறங்கிவிட்டார். 'இறங்கி' என்று சொல்வது விவரத்தோடுதான். பிப்ரவரியில் நியூயார்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். கிளார்க்குக்கு வியர்த்தது, மூச்சு முட்டியது. எழுந்தார், படியில் இறங்கினார், போய்விட்டார். பறக்க முடியாவிட்டால் பேர்ட்ஸில் எப்படி இருப்பாய் என்று மெக்வின் கேட்டதாக ஒரு கதை உண்டு. அறுபது ஆண்டுகளாகப் புத்தகத்துக்குப் புத்தகம் வருகிற நகைச்சுவை அது. சின்ன வயதில் ஒரு விமான விபத்தைக் கண்ணால் பார்த்ததுதான் பயத்துக்குக் காரணம் என்று இன்னொரு கதை.

பயம் உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எல்லோருக்கும் எவ்வளவு வசதியாக அமைந்தது பாருங்கள். கம்பெனிக்கு ஒரு வரியில் அறிக்கை கிடைத்தது. கிராஸ்பிக்குப் பாட்டு எழுத இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஃபெராரியைப் பார்க்காத காலைப்பொழுது கிடைத்தது. விமானம் என்று ஒன்று கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருந்தாலும், இந்த மனிதர் குதிரை வண்டியிலிருந்து இறங்கிப் போயிருப்பார் என்பது என் கட்சி.

தனியாகப் பாட வந்தார். முதல் தனி ஆல்பத்துக்குக் காஸ்டின் சகோதரர்கள் துணைக்குரல். கிளாரன்ஸ் வொயிட், கிளென் கேம்பல், லியான் ரஸ்ஸல், டக் டில்லார்ட் என்று கொலு மாதிரி கலைஞர்கள். பழைய குழுவின் ஹில்மனும் மைக்கேலும்கூட வந்து வாசித்துக் கொடுத்தார்கள். கன்ட்ரி இசையும் ராக்கும் கைகோத்த ஆரம்பகால ஆல்பங்களில் அது ஒன்று. கொலம்பியா அதை 1967 பிப்ரவரியில் வெளியிட்டது. அதே மாதம் அதே கொலம்பியா பேர்ட்ஸின் புது ஆல்பத்தையும் வெளியிட்டது. ஒரே கடையில், ஒரே சமயத்தில், முன்னாள் பேர்டும் இந்நாள் பேர்ட்ஸும் பக்கத்துப் பக்கத்து அடுக்கில். வாடிக்கையாளர் தெரிந்த பெயரை எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தேதியைக் குறித்தவர் யாரோ, ஃபெராரி வாங்க முடியாதவராக இருந்திருக்க வேண்டும்.

1967 அக்டோபரில் கிராஸ்பியை மெக்வினும் ஹில்மனும் துரத்தினார்கள். இடம் காலி. கூப்பிட்டார்கள், கிளார்க் வந்தார். மூன்று வாரம் இருந்தார். மின்னியாபொலிஸில் மறுபடி அதே நடுக்கம், மறுபடி இறக்கம். அடுத்து வந்த ஆல்பத்தின் அட்டையில் கல் சுவர், நான்கு ஜன்னல். மூன்றில் மெக்வின், ஹில்மன், மைக்கேல். நான்காவதில் ஒரு குதிரை எட்டிப்பார்க்கும். அது தன்னை அவமானப்படுத்தத்தான் என்று கிராஸ்பி கொதித்தார். அப்படி நினைத்திருந்தால் குதிரையைத் திருப்பி நிறுத்தியிருப்போம் என்றார் மெக்வின். இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த ஜன்னலில் கடைசியாக மூன்று வாரம் நின்றவர் கிளார்க். குதிரை தன் இடத்தில் நிற்கிறது என்று கோபப்படும் உரிமை அவருக்கும் இருந்தது. அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது அவருடைய நல்ல காலம். நல்ல காலம் என்றால் பாட்டு நல்ல காலம், கல்லாப்பெட்டி அல்ல. 1968-இல் டக் டில்லார்ட் என்ற பாஞ்சோக்காரரோடு கூட்டு. டில்லார்டும் மிசௌரிக்காரர். ஆண்டி கிரிஃபித் தொலைக்காட்சித் தொடரில் வாயே திறக்காமல் பாஞ்சோ மட்டும் வாசிக்கும் மலைநாட்டுக் குடும்பத்தில் ஒருவராக வந்து நாடெங்கும் பிரபலமானவர். அவர் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள், குடிப்பார்கள், வாசிப்பார்கள். அப்படிக் கூடிய ஒருவர் பெர்னி லேடன். டில்லார்ட் அண்ட் கிளார்க் என்ற பெயரில் அக்டோபரில் முதல் ஆல்பம் வந்தது. டிரம்ஸுக்கு அவ்வளவாக வேலை இல்லாத, பாஞ்சோவும் மாண்டலினும் குதித்தோடும் ராக். இன்றைக்கும் கேட்கலாம், தூசி படியவில்லை. ஆனால் பேர்ட்ஸ் அதே ஆண்டு ஆகஸ்டிலேயே கிராம் பார்சன்ஸை வைத்துக்கொண்டு 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' என்ற கன்ட்ரி ஆல்பத்தை வெளியிட்டிருந்தார்கள். கன்ட்ரி ராக் பிறந்த கதையை எழுதும்போது எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கிளார்க்குக்கு இரண்டு மாதம் தாமதம். அந்தப் பேர்ட்ஸ் ஆல்பமும் அப்போது சரியாக விற்கவில்லை என்பது ஒரு ஆறுதல்.

சுற்றுப்பயணம் போக வேண்டும். பறக்க மாட்டார். கச்சேரி கொடுக்க வேண்டும். ட்ரூபடோரில் நடந்த அறிமுகக் கச்சேரியிலேயே மேடையில் இருந்தவர்களில் பாட்டுக்குக் கட்டுப்பட்டவர்களைவிடப் போதைக்குக் கட்டுப்பட்டவர்கள் அதிகம். டில்லார்டின் காதலி பாடகியாக உள்ளே வந்தார், லேடன் வெளியே போனார். 1969-இல் இரண்டாவது ஆல்பம், அத்தோடு கூட்டுக் கடைக்குப் பூட்டு.

வெளியே போன லேடன் சும்மா போகவில்லை. கிளார்க்கோடு சேர்ந்து எழுதிய ரயில் பாட்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஈகிள்ஸ் என்ற குழுவை நிறுவிய நால்வரில் அவரும் ஒருவர். 1972-இல் ஈகிள்ஸ் முதல் ஆல்பத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது. கிளார்க்கும் டில்லார்டும் வரவேற்பறையில் கண்டுபிடித்த சத்தத்தைச் சீவிச் சிங்காரித்துக் கோடிக்கணக்கில் விற்ற வீட்டுக்குக் கழுகு என்று பெயர். கழுகு பறக்கும். விமானத்திலும் பறக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை விமர்சகர்கள் அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நம் ஆள் வடக்கு கலிபோர்னியாவில் கடலோர மெண்டசீனோவுக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். செலவுக்கு? 1964-இல் மெக்வினோடு எழுதி, சரிப்படாது என்று ஓரம்கட்டிய ஒரு பாட்டை டர்ட்டில்ஸ் என்ற குழு தூசி தட்டிப் பாடியது. 1969-இல் அது அமெரிக்காவில் 6-ஆம் இடம். ஆமைகள் பாடிப் பறவைக்குச் சோறு போட்டன. அந்தப் பாட்டின் ராசி இன்னும் விசேஷம். இருபது ஆண்டு கழித்து டர்ட்டில்ஸ் பதிவிலிருந்து ஒரு துண்டை டி லா சோல் என்ற ராப் குழு எடுத்துப் பயன்படுத்த, நீதிமன்றம் வரை போய், அடுத்தவர் இசையைத் துண்டெடுக்க அனுமதி வாங்க வேண்டும் என்ற பயத்தை ராப் உலகத்துக்கே ஊட்டியது. கிளார்க் வேண்டாமென்று ஒதுக்கியதே இந்தப் பாடு படுத்தியது.

1971-இல் தனி ஆல்பம். ஜெஸி எட் டேவிஸ் என்ற அருமையான கிதார்காரர் தயாரித்தார். 'வொயிட் லைட்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அட்டையில் ஆல்பத்தின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள், பாடகர் பெயர் மட்டும் இருக்கும். கடையில் போய் என்னவென்று கேட்பது? அமெரிக்காவில் யாரும் கேட்கவில்லை. நெதர்லாந்து விமர்சகர்கள் மட்டும் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததைப் பாதியில் கம்பெனி கைவிட, மிச்சம் மீதியைத் திரட்டி 1973-இல் 'ரோட்மாஸ்டர்' என்று வெளியிட்டார்கள். எங்கே? நெதர்லாந்தில் மட்டும். அட்லாண்டிக் கடலுக்கு அந்தப்பக்கம், விமானத்தில் மட்டுமே சுலபமாகப் போகக்கூடிய ஒரு நாட்டில், அவருக்காக ஒரு ரசிகர் கூட்டம் காத்திருந்தது. ஆண்டவனுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது.

பழைய பேர்ட்ஸ் ஐந்து பேரும் ஒன்று சேர்ந்து, டேவிட் ஜெஃபனின் அசைலம் நிறுவனத்துக்காகச் செய்த ஆல்பம் 1973-இல் வந்தது. எல்லோரும் நல்ல பாட்டைத் தங்கள் தனி ஆல்பத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டுவந்தார்கள். கிளார்க் மட்டும் நல்ல பாட்டையே கொண்டுவந்துவிட்டார். ஜெஃபன் அசந்துபோய்த் தனி ஒப்பந்தம் போட்டார். விளைவு, 1974-இல் 'நோ அதர்'.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். மெண்டசீனோ வீட்டு ஜன்னலில் பசிபிக் கடலைப் பார்த்துக்கொண்டே எழுதிய பாட்டுகள். பதிவு லாஸ் ஏஞ்சலஸின் வில்லேஜ் ரிக்கார்டர் ஸ்டூடியோவில். தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கே. பெயரில் ஜனாதிபதி இருந்ததால் செலவும் அரசாங்கச் செலவு. கோரஸுக்கு ஒரு கூட்டம், சரோடு போல் நெளியும் கிதார்கள், குரல் மேல் குரல், அதன் மேல் இன்னொரு குரல். கன்ட்ரி, சுவிசேஷப் பாட்டு, ஃபங்க் மூன்றும் ஒரே அறையில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். பில் 1 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைக்கு அது பெரிய தொகை. அத்தனைக்கும் பாட்டுகள் எட்டு. ஜெஃபன் ஆல்பத்தின் மாதிரித் தட்டைக் குப்பைக் கூடையில் வீசியதாகச் சொல்கிறார்கள். எட்டுப் பாட்டுதானா என்று கேட்டாராம். எட்டு மைல் காலத்திலிருந்தே நம் ஆளுக்கு எட்டின் மீது என்ன பிடிப்போ.

போதாக்குறைக்கு அட்டை. முன்பக்கம் 1920-களின் ஹாலிவுட் நட்சத்திரங்களை ஒட்டிச் செய்த படம். பின்பக்கம், பழைய நடிகர் ஜான் பாரிமோர் வாழ்ந்த மாளிகையில், பட்டும் முத்தும் மைதீட்டிய கண்ணுமாக நிற்கும் ஜீன் கிளார்க். மிசௌரி விவசாய நாட்டு முகம், கன்ட்ரி பாடகன் என்று கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பார்? கம்பெனி விளம்பரம் செய்யவில்லை. பில்போர்டில் 144-ஆம் இடம் வரை ஏறியது. இரண்டு ஆண்டுக்குள் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஜெஃபனைத் திட்டுவது வழக்கம், நானும் திட்டத் தயார். ஆனால் ஆல்பத்தை விற்க பாடகர் ஊர் ஊராகப் பறக்க வேண்டிய காலத்தில், சில்வராடோஸ் என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு இவர் தரை வழியாகவே புறப்பட்டார். ஆல்பத்தில் இருந்த அத்தனை குரலையும் கருவியையும் மூன்று பேர் எப்படி வாசிப்பது? பெரும்பாலும் வாசிக்கவில்லை. பழைய பாட்டுகளைப் பாடினார்கள்.

1977-இல் இன்னொரு ஆல்பம், அதுவும் படுத்தது. அப்போதுதான் பல்லைக் கடித்துக்கொண்டு விமானம் ஏறினார். பதினோரு ஆண்டுக்குப் பிறகு பயத்தை வென்ற வீரர் பிரிட்டனில் போய் இறங்கினால், அதே மேடையில், அதே நிகழ்ச்சியில், தனித்தனிக் குழுக்களோடு மெக்வினும் ஹில்மனும். எவர்களை விட்டு இறங்கினாரோ அவர்களிடமே கொண்டுபோய் விட்டது விமானம்.

சேர்ந்தது சேர்ந்தோம் என்று மூவரும் 1979-இல் மெக்வின், கிளார்க் அண்ட் ஹில்மன் என்று ஆல்பம் போட்டார்கள். வக்கீல் அலுவலக வாசல் பலகை மாதிரி பெயர். மயாமியில் பதிவு, காற்றில் டிஸ்கோ. ஒரு பாட்டு 33-ஆம் இடம் வரை வந்தது. அடுத்த ஆல்பத்தில் பலகை மாறியது: மெக்வினும் ஹில்மனும், உடன் ஜீன் கிளார்க். அதற்கடுத்ததில் உடனும் இல்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை இவ்வளவு சுத்தமாக அட்டையிலேயே அச்சடித்துக் காட்டிய குழு வேறு இல்லை.

எண்பதுகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். குடி, ஹெராயின், விட்டது, தொட்டது. 1985-இல் மைக்கேலையும் தி பேண்ட் குழுவின் ரிக் டாங்கோவையும் சேர்த்துக்கொண்டு, பேர்ட்ஸ் இருபதாம் ஆண்டு கொண்டாட்டம் என்று ஊர் சுற்றினார். கிளப் முதலாளிகளுக்கு அவ்வளவு நீளப் பெயரை எழுதச் சுவரில் இடமில்லை. பேர்ட்ஸ் என்று மட்டும் எழுதினார்கள். மெக்வினும் கிராஸ்பியும் ஹில்மனும் கொதித்தார்கள். பின்னால் மைக்கேல் மீது வழக்கும் போட்டுத் தோற்றார்கள். லண்டன் விமான நிலையத்தில் எந்தப் பெயருக்காக சம்மன் வாங்கினார்களோ அதே பெயருக்கு இப்போது இவர்களே வாதி. நடுவில் 1987-இல் கார்லா ஓல்சனோடு சேர்ந்து அடக்கமான, அழகான ஆல்பம் ஒன்று. 1988-இல் வயிற்றுப் புண்ணுக்குப் பெரிய அறுவை.

1989-இல் டாம் பெட்டி, 1965-இன் அந்தப் பின்பக்கப் பாட்டுகளில் ஒன்றைத் தன் ஆல்பத்தில் பாடினார். ஆல்பம் லட்சக்கணக்கில் பறந்தது. இருபத்து நாலு ஆண்டுக்குப் பிறகு பழைய பாட்டு மறுபடி பணமாக வந்து கதவைத் தட்டியது. திறந்தார். பணத்தோடு பழைய நண்பர்களும் பழைய பழக்கமும் உள்ளே வந்தன. இந்த இடத்தில் சிரிக்க எனக்கும் வரவில்லை.

1991 ஜனவரி 16, நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல். ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் பேர்ட்ஸுக்கு இடம். ஐந்து பேரும் பகையை மறந்து ஒரே மேடையில் மூன்று பாட்டுப் பாடினார்கள். அதில் ஒன்று அந்தப் பின்பக்கப் பாட்டு. வரவேற்றுப் பேசியவர் டான் ஹென்லி, ஈகிள்ஸ்காரர். அன்று இரவுதான் ஈராக் மீது குண்டுவீச்சு தொடங்கியது. ஹோட்டலில் இருந்தவர்களில் பலருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி மீதுதான் கண். கிளார்க் ஒருவழியாக எல்லோர் முன்னும் சரியான நேரத்தில், சரியான இடத்தில் வந்து நின்ற அன்று, உலகம் வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு மாதம் கழித்து மே 24 அன்று லாஸ் ஏஞ்சலஸின் ஷெர்மன் ஓக்ஸ் வீட்டில் இறந்துபோனார். வயது 46. டிப்டனில் புதைத்தார்கள். கல்லில் அவருடைய பெயர், கூடவே 'நோ அதர்'.

பாட்டுகள் அதன்பிறகும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 1969-இல் யாரும் வாங்காத அந்த இரண்டாவது டில்லார்ட் ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டை ராபர்ட் பிளாண்டும் அலிசன் கிராஸும் 2007-இல் பாடினார்கள். 2009-இல் அந்த ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருது. ஜெஃபன் கூடையில் வீசியதாகச் சொல்லப்படும் 'நோ அதர்' ஆல்பத்தை 2019-இல் 4ஏடி நிறுவனம் பெட்டி கட்டி வெளியிட்டது. எட்டுப் பாட்டு போதாது என்ற பழைய புகார் நினைவிருந்ததோ என்னவோ, அதே எட்டுப் பாட்டு, அவற்றைப் பதிவு செய்யும்போது ஒதுக்கிய வடிவங்கள், படிக்க ஒரு புத்தகம் என்று நிரப்பிக் கொடுத்தார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். நெதர்லாந்துக்காரர்கள் மட்டும் நாங்கள் அப்போதே சொன்னோமே என்று முணுமுணுத்திருப்பார்கள்.